வெளிச்சம் வராத வெடி

ஒடென்சே, டென்மார்க், வைகாசி 2009

அன்பின் தவமலர்,

நீரும் பிள்ளையும் சுகமாய் இருக்கவேணுமெண்டு பிள்ளையாரை மண்டாடுறன். எனக்கொரு குறையுமில்லை.

நேற்று இருட்டுப்பட்ட நேரம் ஒரு பகிடி நடந்தது. நான் வேலை செய்யிற பண்ணையின்ர முதலாளி நரி சுடப் போனவன். துவக்கு நுனியில சத்தம் குறைக்கிற குழாய் பூட்டியிருந்தான். ஊரில ஷெல்லடிக்கேக்க வெளிச்சத்தைக் கண்டால் சத்தம் வரும்வரை எண்ணித்தானே தூரம் பிடிப்பம்? நானும் மாட்டுக்கொட்டிலடியில எண்ணக் காத்துக்கொண்டு நிண்டன். வெளிச்சமே வரேல்லை. ஒரு சின்னச் சொடக்குத்தான் கேட்டது. எந்தப் பக்கமெண்டே தெரியேல்லை. பிறகு பார்த்தால் நரி செத்துக் கிடக்குது, நான் குப்புறக் கிடக்கிறன். அவன் சிரிச்சான்.

சண்டை முடிஞ்சுதாம். மாசிக்குப் பிறகு உம்மட கடிதமில்லை. பிள்ளையின்ர காலைத் தாளில வைச்சுச் சுத்திவரக் கோடு கீறி அனுப்பும், சப்பாத்து வாங்கவேணும்.

வேலைக்கு நேரமாச்சு. நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்.

உம்மட
குணசீலன்