மூன்றும் சேர்ந்தால்தான்

செவ்வாய், வடதுருவ நீர் நிலையம்.
பொறுப்பாளர்: லூர்து. வேறு ஆள் இல்லை.

நாள் 212, காலை 06:10
பம்புகள் சரி. காற்று சரி. மாத்திரை விழுங்கியாயிற்று. பதினாறு ஆண்டாக எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன். மூன்று மருந்துகள், ஒரே மாத்திரை. ஒன்றை வைரஸ் ஏய்த்தாலும் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும். இங்கே அதை மருந்து இயந்திரமே தினமும் செய்து தருகிறது. இன்று ரத்தச் சோதனை.

நாள் 212, இரவு 07:40
ரத்தத்தில் வைரஸ் தலைகாட்டியிருக்கிறது. பூமியிலிருந்து டாக்டர் ஷம்ஷாத்: "லூர்து சார், மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா? மறைக்காம சொல்லுங்க." எத்தனை டாக்டர்கள் கேட்ட கேள்வி! ஒரு வேளைகூட விட்டதில்லை.

நாள் 240
வைரஸ் பத்து மடங்கு. மறுபடியும் அதே கேள்வி. ஆத்திரத்தில் இயந்திரத்தைத் திறந்தேன். மூன்று மருந்துக் குழாய்களில் ஒன்றுதான் ஈரம்.

சரக்குக் கப்பல் தாமதமானதும் சிக்கன விதி தானாக அமலுக்கு வந்திருக்கிறது. குறைந்துபோன எந்தச் சரக்கும் மூன்று நாளுக்கு ஒரு முறைதான். சோப்புக்கும் காபித்தூளுக்கும் போட்ட விதி! இன்று ஒரு மருந்து, நாளை இன்னொன்று. மாத்திரை மட்டும் அதே வெள்ளை. மூன்று பேர் சேர்ந்து மடக்க வேண்டிய திருடனிடம் ஒவ்வொருவராகப் போய் அடிவாங்கியிருக்கிறார்கள்.

நாள் 243
டாக்டர் ஷம்ஷாத்: "மன்னிச்சிருங்க சார். பழைய மருந்து இனி கேக்காது. அவசரப் பெட்டில புது மருந்து மூணு இருக்கு, மெஷின்ல ஏத்திருங்க. சிக்கன விதிய எடுக்கச் சொல்லி நாளைக்கு கட்டளை அனுப்பிருவோம்."
எல்லாம் தூள், இயந்திரம்தான் கரைத்து அளக்கும்; கையால் முடியாது. ஏற்றினேன். இயந்திரம் தூள் அறையைப் பூட்டிக்கொண்டது; இனி பூமியிலிருந்து கட்டளை வந்தால்தான் திறக்கும்.

நாள் 244
புழுதிப் புயல். ஆண்டெனா போயிற்று. கட்டளை வரவில்லை.
மாத்திரை விழுந்தது. ஒரு குழாய்தான் ஈரம். புது மருந்துக்கும் அதே விதி; விழுங்காமல் எடுத்து வைத்தேன்.

நாள் 290? 291?
காய்ச்சல். எழுத்து கோணுகிறது. புயல் ஓயவில்லை.
ஒற்றை மருந்தை விழுங்கினால் வைரஸ் அதையும் பழகிவிடும். பிறகு எனக்கென்று ஒரு மருந்தும் மிஞ்சாது. மூன்று நாள் மாத்திரைகளை, மருந்துக்கு ஒன்றாக, மூன்று மூன்றாகப் பொட்டலம் கட்டி வைக்கிறேன். மூன்று நாளுக்கு ஒரு பொட்டலம் என்று விழுங்கினாலும் வைரஸ் பழகிவிடும். கப்பல் வரும்வரை தொட மாட்டேன்.

கண்டெடுப்பவரே, உயிர் இருந்தால் தினமும் ஒரு பொட்டலத்தை முழுசாகக் கொடுங்கள். பிரிக்காதீர்கள். பிரிக்கவே...

டாக்டரிடம் சொல்லுங்கள். லூர்து மாத்திரை போடவில்லை. இந்தத் தடவை அது உண்மை.