இன்னும் வராத போனுக்கு உறை

செவ்வாய், இரவு.

இன்னும் வெளியே வராத ஒரு போனுக்கு எங்கள் ஆம்பூர் கம்பெனியில் தோல் கவர் செய்கிறோம். நெட்டில் கசிந்த படத்தை நம்பி, கேமரா ஓட்டையை இடது பக்கம் வெட்டச் சொல்லியிருந்தார்கள். அந்த போனோடு சார்ஜர் கொடுப்பானா மாட்டானா என்று கூட வேலை செய்யும் ஷபானாவோடு சண்டை போட்டுக்கொண்டே, தோலைப் புரட்டிப் போட்டு வெட்டிவிட்டேன். எல்லா ஓட்டையும் வலது பக்கம் விழுந்துவிட்டது.

"இன்னாடி பண்றது?" என்றேன்.

அதற்குள் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "வெட்டாதீங்கம்மா! புதுப் படம் வந்துருக்கு. கேமரா ரைட் சைடாம்!"

ஷபானா நிதானமாக ஒரு கவரை நீட்டினாள். "தெரியும் சார். அப்டிதான் வெட்டிருக்கோம்."

கம்பெனி பஸ்ஸில் வீடு வரும் வரை சிரித்தோம்.

நாளைக்கு வேறு படம் வந்தால்? அந்த போனை நான் வாங்கப் போவதே இல்லை. ஆனாலும் படுக்கும் முன் மறுபடி மறுபடி நெட்டைப் பார்க்கிறேன். கேமரா இன்னும் வலது பக்கம்தான் இருக்கிறது.