நிறுக்காமல் போட்ட மருந்து

நானாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க உம்மா உங்களையும் தங்கச்சி என்னையும் பழக்கவில்லை. அஸ்ஸலாமு அலைக்கும்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் வலது கண் கட்டை நேற்று அவிழ்த்தார்கள். அந்தப் பக்கம் நின்று தேத்தண்ணியை நீட்டினேன். நான் நீட்டியது தெரியாமல் அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய லொறிச் சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

சுடும்போது துவக்கு அவர் முகத்துக்கு நேரே வெடித்துச் சிதறியதற்கு, "மச்சானுக்குப் புடிக்கத் தெரியா" என்று துவக்குச் சுடும் கிளப் ஆட்களிடம் சொன்னீர்களாம். ஆசை காட்டிச் சுடக் கூட்டிப்போனது யார்? அந்தத் தோட்டாக்களை எங்கள் வீட்டு மேசையில் வைத்து நிரப்பியது யார்? எல்லாத் தோட்டாவிலும் வெடிமருந்து ஒரே நிறை இருந்தால்தான் குண்டு ஒரே வேகத்தில் போய் ஒரே இடத்தில் படும், மருந்து கூடினால் துவக்கே வெடிக்கும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள். அன்றைக்கோ ஃபோனில் சிரித்துக்கொண்டே கரண்டியால் அள்ளிப் போட்டீர்கள்.

"நானா, நிறுக்கல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கைக்கணக்கு இருக்கு, நீ போ" என்றீர்கள்.

இன்று காலை பொலிஸ் வந்தபோது அவர் என் கையைப் பிடித்து, "நான்தான் பிழையாப் புடிச்சேன்னு செல்லுவோம். ஒங்கட நானாதானே" என்றார். உங்களுக்காக அவர் கெஞ்சியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பார்த்ததை ஒன்றும் விடாமல் சொல்லிக் கையொப்பமும் வைத்துவிட்டேன்.

உங்களைத் தேடி வருவார்கள். உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வாருங்கள். முன்னதாக வந்தால் அவர் உள்ளே கூப்பிடுவார், நான் கதவைத் திறக்க மாட்டேன்.

உங்கள் தங்கச்சி