பெசிக்கின் தாழி

குர்ஜானி,
3 அக்டோபர் 2004

அன்புள்ள லமாரா,

நானும் பெசிக்கும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் நீ வேலை செய்யும் தெசலோனிக்கிக்குப் போகும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருஷம் ஆலங்கட்டி மழை நம்மை விட்டுவிட்டது. சபெராவி திராட்சை கொத்துக் கொத்தாய்க் கறுத்துத் தொங்கியது. பறித்து முடித்து ஒரு வாரமாகியும் என் கை முழங்கை வரை சிவப்பு.

போன திங்கட்கிழமை, கல்யாணத்துக்கு முன் ருசி பார்க்கலாமென்று நம் பிள்ளையின் ஒயின் தாழியைத் திறந்தோம். அவன் பிறந்த வருஷம் நிரப்பி, கல்யாணத்தன்று திறக்கவென்று மூடியது. அன்று மூடிமேல் களிமண் பூசி, உள்ளங்கையைப் பதித்தவள் நீ. ஒயின் காடியாகிவிட்டது, லமாரா. பெசிக் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஊறுகா போட ஆகும்ப்பா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் மூடி வெடித்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். பொய்.

நீ பஸ் ஏறிய அன்று, "பையன் தாழி மேல களிமண்ணு காயாம தண்ணி தெளிங்க, மறந்துடாதீங்க" என்றாய். நான் மறக்கவில்லை. மற்ற தாழிகளுக்கெல்லாம் தெளித்தேன். அந்த மூலைக்கு மட்டும் போகவில்லை. முதலில் நீ போய்விட்டாயே என்ற கோபம். பிறகு உன் கை அடையாளத்தைப் பார்க்கப் பயம். எட்டு வருஷம்! அந்தக் கையின் குறுக்கேதான் வெடிப்பு ஓடியிருந்தது.

உன்னிடம் பேப்பர் இல்லை, இங்கே வந்தால் திரும்ப அங்கே விடமாட்டார்கள். தெரியும். கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீ அழுதபோது, "உன் இஷ்டம்" என்று போனை வைத்தேனே, அதுவும் என் வீம்புதான். மன்னித்துவிடு. பிள்ளை சொல்வது வேறு: "ஒயின் போனா போகுது. அம்மா வரட்டும், பச்சத் தண்ணிய ஊத்திக் குடிச்சுக்கலாம்."

தாழியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, அவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று இந்த வருஷத்துச் சபெராவியை நிரப்பிவிட்டேன். பொங்கி அடங்க மூன்று வாரம். அதற்குமேல் மூடாமல் விட்டால் இதுவும் காடிதான். கல்யாணம் மாதக் கடைசி ஞாயிறு.

களிமண்ணைப் பிசைந்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். வழியெல்லாம் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். வந்து பூசு.

உன்
ஒதார்