பின்காலில் தொங்கிய கேன்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த ரயில் சீட்டும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். முழுக்கப் படித்த பிறகு நீ என்னைத் திட்டலாம், அப்போது நான் வாயே திறக்க மாட்டேன். பெற்ற அப்பாவை "அந்த ஆள்" என்று எழுத உனக்கு எப்படிடா கை வந்தது? பதினான்கு மாதமாக நீ அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது, உனக்கு வேலையும் அறையும் பார்த்து வைத்திருக்கிறேன், அந்த ஆளோடு இருக்க வேண்டாம், கிளம்பி வா என்கிறாய். ஒரே ஒரு ஆளுக்குத்தான் சீட்டு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா ரொம்ப இளைத்துவிட்டார். சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. சந்தைக்கு இனி வர வேண்டாம் என்று வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் சொன்னதும் சரி என்று வந்துவிட்டார். நாற்றுப் பண்ணையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், வாங்குகிறவர்கள் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள். கால்வலி இருந்தாலும் காலையில் தண்ணீர் விடுவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் கூடாரத்தை வெளியே எடுக்கிறார். ஆமாம், அதே கூடாரம்தான். வளைந்த சட்டத்தை நிமிர்த்தி, கிழிந்த மேல்துணியைத் தைத்து வைத்திருக்கிறார். ஆறு காலையும் ஒரே ஆளாக இழுக்க முடியுமா? இந்தக் காலைக் கொஞ்சம் இழுப்பார், சுற்றிப் போய் அந்தக் காலைக் கொஞ்சம் இழுப்பார். நான் போனால் வேண்டாம் என்பார். முழுக்க விரித்ததும் ஆறு கேனிலும் தண்ணீர் பிடித்துக் கால்களில் கட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நான் சமையலறைக்குள் நின்று அந்தத் தட்டலை எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றி மடித்து வைத்துவிடுவார். உங்கப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று எதிர்வீட்டு டெய்லரம்மா கேட்கிறாள். அவளை நன்றாகக் கேட்டுவிட்டேன்.

நீ முதல் சம்பளத்தில் அந்தக் கூடாரத்தை வாங்கி அனுப்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பத்துக்கு இருபது அடி, ஆறு கால். அம்மா அதற்கு மருமகள் என்று பெயர் வைத்தாள். நாலு பேர் சேர்ந்து எழுப்பினால்தான் எழுந்திருக்கிறாள், பெரிய இடத்துப் பெண் போலிருக்கிறது என்பாள். நீ லீவில் வந்தபோது நாம் நாலு பேரும் ஆளுக்கொரு மூலைக்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து இழுத்தோமே. ஒருவர் முந்தினாலும் குறுக்குச் சட்டம் வளைந்துவிடும் என்று, உன் காலை விடாதே, உன் காலை விடாதே என்று அப்பா தொண்டை கிழியக் கத்துவார். என் கால் எங்கேயும் ஓடிப் போகாது, நீங்க உங்க காலைப் பாருங்க என்பாள் அம்மா.

சந்தையில் சிமென்ட் தரை, முளை அடிக்க முடியாது. காற்றுக்குப் பாரமாக மணல் மூட்டை ஏற்றினால் வண்டியில் கன்றுக்கு இடம் இருக்காது. கேன் யோசனை அப்பாவுடையதுதான். இருபது லிட்டர் வெள்ளைக் கேன்களை அங்கே குழாயடியில் நிரப்பிக் காலுக்கு ஒன்றாகக் கட்டுவோம், சாயங்காலம் கொட்டிவிட்டு வருவோம். காலில் தொங்குகிற தண்ணீரைச் செத்தாலும் தொடக் கூடாது என்பார். குடிக்கக்கூட விட மாட்டார்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மத்தியானத்தோடு குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு தோட்டக்காரர் மொத்தமாகக் கேட்டிருந்த இருநூறு எலுமிச்சைக் கன்றும் தலை தொங்கிக் கிடந்தன. அப்பா வண்டி எடுத்துவரப் போயிருந்தார். அம்மா முன்பக்கம் யாருக்கோ செடி காட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்க மூலைக்கால் இரண்டும் அடுக்குத் தட்டுக்குப் பின்னால் மறைவாக இருந்தன. நான் ஒரு கேனை அவிழ்த்துக் கன்றுகளுக்கு ஊற்றினேன். பத்தவில்லை என்று இன்னொன்றையும் அவிழ்த்தேன். குழாயில் வந்ததும் நிரப்பிவிடலாம் என்று நினைத்து, மூடியைத் திருகி, இருந்தபடியே கட்டிவிட்டேன். வெள்ளைக் கேன், நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் பார்வைக்கு ஒன்றுதான்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. நாலு மணிக்குக் காற்று வந்தது. பின்பக்கம் அப்படியே மேலே எழும்பியது. எல்லோரும் விலகி ஓடினார்கள், அம்மா மட்டும் ஓடிப்போய், எப்போதும் தான் பிடிக்கிற மூலைக்காலைப் பிடித்தாள். விடு விடு என்று பக்கத்துக் கடைப் பாத்திரக்காரர் கத்தினார், நானும் கத்தினேன். அவள் விடவில்லை. கூடாரம் அவளையும் தூக்கிக்கொண்டு போய் நடைபாதைக் கல்லில் போட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ வந்து நின்று, கேனை நிரப்பாமல் அம்மாவைக் கொன்றுவிட்டீர்களே என்று அப்பாவின் சட்டையைப் பிடித்தாய். ஆமாப்பா, மறந்துட்டேன் என்றார் அவர். நான் பக்கத்தில்தான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

அன்று ஊற்றிய கன்றுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, தம்பி கூப்பிடறான்ல, போயிட்டு வாம்மா என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அப்பா, அந்த ரெண்டு கேனும் என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். அன்னைக்கே தெரியும்மா, மூடி திருகினபடி இருக்கு, உள்ளே தண்ணி இல்லை, கன்னெல்லாம் ஈரமா இருந்துது என்றார். அவன் கோபம் என் மேலேயே இருக்கட்டும், நான் இன்னும் எத்தனை நாளைக்கு, எனக்கப்புறம் உனக்கு அவன், அவனுக்கு நீ, வேற யார் இருக்கா என்றார். பிறகு எழுந்து கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். இதை உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது.

சீட்டை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், தேதி தாண்டுவதற்குள் ரத்து செய்துகொள். நான் வரவில்லை. என்னோடு நீ பேச வேண்டாம், அது எனக்குத் தகும். ஆனால் காலையில் ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டு முடித்து அவர் வாசற்படியில் உட்காருவார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பார், திரும்ப உள்ளே வைப்பார். அந்த நேரத்தில் ஒரு நாள் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். சாப்பிட்டீங்களாப்பா என்று கேள், போதும்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

கீழே எப்போதும் போடுவதைப் போடலாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு பெயர் போடத் தெரியவில்லை.

அக்கா