தக்காளிப் பூவும் டூத் பிரஷ்ஷும்

கோபக்காரிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கேக்கலைன்னாலும் சொல்லி வைக்கிறேன்.

நீ பெட்டியைத் தூக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போனப்ப உன் தக்காளிச் செடி முட்டி உசரம் இருந்துச்சு. அப்புறம் மஞ்சள் மஞ்சளாப் பூத்துச்சு. பூத்ததெல்லாம் காம்போட உதிர்ந்துச்சு. நான் பாட்டுக்குக் குடம் குடமா தண்ணி ஊத்தினேன். மேல் வீட்டு நர்ஸ் வந்து பாத்துட்டு, "அண்ணே, தண்ணியை நிறுத்துங்க. கண்ணாடி அடைச்ச பால்கனியில காத்தும் வராது, வண்டும் வராது. பூவை அசைச்சு விட்டாத்தான் காய் பிடிக்கும்"னு சொன்னாங்க.

விரலால தட்டினேன், காம்பே ஒடிஞ்சிடுச்சு. என் கை அப்படி, உனக்குத் தெரியாததா? கடைசியில நீ விட்டுட்டுப் போன பேட்டரி டூத் பிரஷ்ஷை ஓட விட்டு, தினமும் காலையில ஒவ்வொரு பூக்காம்புலயும் வைக்கிறேன், அது அதிர்றதுல பூ ஆடுது. நான் செடிக்குப் பல் விளக்குறேன்னு எதிர்வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார். சொல்லட்டும்.

இப்ப கொத்துக் கொத்தா காய். அடிக்கொத்து சிவக்க ஆரம்பிச்சாச்சு. நான் பறிக்கலை, உன் செடி.

அந்த பிரஷ் இனி உன் வாய்க்கு ஆகாது. புதுசு ஒண்ணு வாங்கி, என்னோடதுக்குப் பக்கத்துல, அதே டம்ளர்ல வச்சிருக்கேன்.

செடிக்குப் பல் விளக்குற
உன் வீட்டுக்காரன்