மூன்று தடவை சொன்ன செய்தி

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்தான்.

மருத்துவக் கல்லூரியில் மாணவர்களின் பாடத்துக்காக நோயாளியாக நடிக்கிறேன் அல்லவா, அங்கே போன வாரம் ஒரு கூத்து. பழகுவதற்காக என் கழுத்தைத் தடவிப் பார்த்த மாணவி சட்டென்று நின்றுவிட்டாள். பேராசிரியர் வந்து அழுத்திப் பார்த்தார். "அருமை, எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்க" என்றார். வகுப்பே வரிசையில் நின்று தொட்டது. என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு பேராசிரியர் அந்த மாணவியிடம், "கெட்ட செய்தியை எப்படிச் சொல்றதுன்னு இவங்ககிட்டயே பழகிக்கோ" என்றார்.

"உங்க கழுத்துல கட்டி இருக்கு. புற்றுநோயா இருக்கலாம்" என்றாள். வழக்கமான பாடம்தானே என்று நானும் அழுது காட்டினேன்.

"வேகமா சொல்லிட்ட. திரும்பச் சொல்லு."

மறுபடி சொன்னாள், மறுபடி அழுதேன். மூன்றாம் தடவை சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இது நடிப்பு இல்லக்கா" என்றாள்.

நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். "ஏம்மா, இப்ப அழலையா?" என்று கேட்டார் பேராசிரியர்.

கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரட்டும், கவலைப்படாதீர்கள். கழுத்து ஏற்றி இரண்டு ரவிக்கை உங்கள் கையாலேயே தைத்து அனுப்புங்கள், அளவுதான் உங்களுக்குத் தெரியுமே. பரீட்சை முடியும்வரை கட்டியை எடுக்க வேண்டாம், மாணவர்களுக்கு உதவும் என்கிறார் பேராசிரியர். வேலை போய்விடுமே என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். பாப்பாவிடம் சொல்லாதீர்கள்.